22 டிகிரிக்கு எதற்கு நடுக்கம்? மார்கழிக் காற்றும் சென்னை வீடும்

கார்த்திகை பிறந்து, வானம் இரண்டு நாள் சேர்ந்தாற்போல் மூடிக்கொண்டால் போதும். சென்னை ஊட்டியாகிவிட்டது என்று தலைப்புகள் வரத் தொடங்கிவிடும். வெப்பமானியைப் பார்த்தால் 22, 23 என்று காட்டும். டொராண்டோவில் இருக்கும் மகன் தொலைபேசியில் சிரிப்பான்: "அப்பா, நாங்கள் ஹீட்டர் போட்டு வீட்டை வைத்திருப்பதே 21 டிகிரியில்தான்." அவன் சொல்வது பொய்யில்லை. குளிர்நாடுகளில் வீட்டைச் சூடாக்கி வைக்கும் அளவு பொதுவாக 20, 21 டிகிரிதான். குளிர்காலத்தில் வீட்டுக்குள் 18 டிகிரிக்குக் கீழே இறங்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனம் 2018இல் சொன்ன வரம்பு. இங்கே மயிலாப்பூரில் அதே 21 டிகிரியில் மங்கி கேப்புக்குள் ஒருவர் நடுங்குகிறாரே, அதுவும் பொய்யில்லை.

இந்தக் குழப்பத்தோடு இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. வீட்டைக் கதகதப்பாக வைத்திருப்பது எப்படி என்று இணையத்தில் தேடினால் கிடைக்கும் அறிவுரை பெரும்பாலும் பனி கொட்டும் ஊர்களுக்காக எழுதியது. இடுக்கு, சந்து, ஓட்டை எதையும் விடாமல் அடையுங்கள் என்று அது சொல்லும். சென்னையில் அதை அப்படியே கடைப்பிடித்தால் சுவரில் பூஞ்சை வரும். சில அறைகளில் உயிருக்கே ஆபத்து வரும். எதை அடைப்பது, எதை விட்டுவைப்பது என்று தெரிய வேண்டுமானால், இந்த ஊர்க் குளிர் எந்த வழியாக உடம்பைத் தொடுகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

வெப்பமானி ஒன்றை அளக்கிறது, உடம்பு வேறொன்றை அளக்கிறது

சென்னையில் ஜனவரி மாத இரவின் குறைந்தபட்ச வெப்பநிலை சராசரியாக 20, 21 டிகிரி. மீனம்பாக்கத்தில் பதிவாகும் அளவு நுங்கம்பாக்கத்தைவிடப் பெரும்பாலும் ஒரு டிகிரி குறைவாக இருக்கும். இந்நகரில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 13.9 டிகிரிதான். அது 1895 டிசம்பரிலும் 1905 ஜனவரியிலும் வந்தது. இந்த எண்கள் எல்லாம் நிழலில், மழையும் வெயிலும் படாத பெட்டிக்குள் அளந்த காற்றின் வெப்பநிலை. உடம்பு அதை அளப்பதில்லை. சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவரின் உடம்பு ஏறத்தாழ 100 வாட் வெப்பத்தை வெளியேற்றிக்கொண்டிருக்கிறது. பழைய குண்டு பல்பு ஒன்றின் அளவு. தோலின் வெப்பநிலை 33 டிகிரி அளவில் இருக்கும். அந்தத் தோலிலிருந்து வெப்பம் எவ்வளவு வேகமாகப் பறிபோகிறது என்பதைத்தான் நாம் குளிர் என்கிறோம். பறிபோகும் வழிகள் நான்கு.

1. கடத்தல். தொட்டுக்கொண்டிருக்கும் பொருள் வழியே போகும் வெப்பம். 22 டிகிரியில் இருக்கும் கிரானைட் தரையில் வெறுங்காலை வைத்தால் பாதத்தின் தோல் சட்டென்று 25 டிகிரி பக்கம் இறங்குகிறது. அதே 22 டிகிரி மரப்பலகையில் வைத்தால் 28ஐ ஒட்டியே நின்றுவிடுகிறது. இரண்டின் வெப்பநிலையும் ஒன்றுதான். கல் வெப்பத்தை வேகமாக இழுத்துக்கொள்கிறது, மரம் மெதுவாக இழுக்கிறது. மொசைக், வழுவழுப்பான டைல், கிரானைட் என்று வெயிலுக்குப் பயந்து நாம் தேடித்தேடிப் போட்ட தரையெல்லாம் மார்கழியில் காலை வாருகிறது.

2. சலனம். உடம்பைச் சுற்றி மெல்லிய காற்றுப் போர்வை ஒன்று எப்போதும் இருக்கிறது. உடம்பே சூடாக்கி வைத்திருக்கும் போர்வை. காற்று வீசினால் அது கலைந்துவிடும். நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் காற்று பட்டாலே இரண்டு மூன்று டிகிரி குறைந்ததுபோல் இருக்கும். இழுத்து மூடிய அறையில் சீலிங் ஃபேன் செய்வது இதைத்தான். அது அறையைக் குளிர்விப்பதில்லை; அதன் மோட்டார் அறைக்குக் கொஞ்சம் சூட்டைக்கூடச் சேர்க்கிறது.

3. கதிர்வீச்சு. தொடாமலே, காற்றின் உதவியும் இல்லாமல், சூடான பரப்பிலிருந்து குளிர்ந்த பரப்புக்குப் போகும் வெப்பம். அறைக்காற்று 24 டிகிரியாக இருந்தாலும் தலைக்கு மேலே 19 டிகிரியில் ஒரு தகரக் கூரை இருந்தால், உடம்பு அந்தக் கூரைக்கு வெப்பத்தை வாரி வழங்கிக்கொண்டே இருக்கும்.

4. ஆவியாதல். குளித்துவிட்டு ஈரத்தலையோடு வருபவருக்கும், காயாத துணியை உடுத்தியவருக்கும் இந்த வழி அகலத் திறந்திருக்கிறது.

இப்போது டொராண்டோ வீட்டையும் மயிலாப்பூர் வீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். அங்கே கம்பள விரிப்பு, காலுறை, கனத்த சட்டை, அசையாத காற்று, உள்ளிருந்து சூடேற்றிய சுவர். இங்கே வெறுங்கால், கல் தரை, மெல்லிய வேட்டி, கொசுவுக்காக இரண்டாம் எண்ணில் சுற்றும் ஃபேன், அதற்கு அடியில் கழுத்து வரை இழுத்துப் போர்த்திய போர்வை. வெப்பமானி ஒரே எண்ணைக் காட்டினாலும் உடம்பிலிருந்து போகும் வெப்பம் ஒன்றாக இருக்க வழியே இல்லை. கொசுவலை கட்டி ஃபேனை நிறுத்துவது இரண்டு மூன்று டிகிரியைச் செலவில்லாமல் மீட்டுத் தரும். சென்னைக் குளிருக்கு இதைவிட மலிவான மருந்து கிடையாது. ஆனால் ஃபேன் ஓடினால்தான் தூக்கம் வரும் என்று பழகிப்போன ஊரில் இதைச் சொல்லிப் பயனுண்டா என்பது வேறு விஷயம்.

காற்று புகுவதற்காகவே கட்டிய வீடு

வடக்கிலிருந்து வரும் குளிர்காற்றுக்கு வாடை என்று பெயர் வைத்த மொழி இது. வடகிழக்குப் பருவக்காற்று அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை அந்தப் பக்கத்திலிருந்து ஈரத்தோடு வருகிறது. மழை ஓய்ந்தபின் ஜனவரி விடியற்காலைகளில் வருவது அதைவிட மெலிதான, வறண்ட காற்று. இந்த மாதங்களில் வீட்டின் வடக்கு, கிழக்குப் பக்கங்களே அதிகம் அடிபடுகின்றன. பெசன்ட் நகர், திருவான்மியூர்ப் பக்கம் கடலைப் பார்த்த மேல்மாடி வீட்டுக்காரர்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் காற்று உள்ளே வருவதைக் கட்டடத்தின் குறை என்று சொல்லிவிட முடியாது. குடியிருப்புக் கட்டடங்களுக்காக மத்திய அரசு 2018இல் வெளியிட்ட எரிசக்தி விதித்தொகுப்பான ஈகோ நிவாஸ் சம்ஹிதா, வெப்பமும் ஈரமும் மிகுந்த பகுதிகளில் திறக்கக்கூடிய ஜன்னல் பரப்பு தரைப் பரப்பில் ஆறில் ஒரு பங்காவது இருக்க வேண்டும் என்கிறது. குளிர்ப் பகுதிகளுக்கு அது கேட்பது பன்னிரண்டில் ஒரு பங்கு. சென்னை முதல் வகையைச் சேர்ந்தது. ஆண்டில் பத்து மாதம் காற்று வேண்டும், இரண்டு மாதம் வேண்டாம் என்றால், பத்து மாதத்துக்காகக் கட்டுவதுதான் முறை. மழைக்காலமும் மார்கழியும் அந்த வீட்டில் விருந்தாளிகள்.

பழைய வீடுகள் இந்த இரண்டு மாதத்தையும் சமாளித்த விதம் கவனிக்கத்தக்கது. திருவல்லிக்கேணியிலும் மயிலாப்பூரிலும் மிஞ்சியிருக்கும் வீடுகளில் தெருக்கதவைத் திறந்தால் நேராகக் கூடம் வராது. ஒடுக்கமான ரேழி ஒன்று வரும், அதன் மறுமுனையில் இன்னொரு கதவு இருக்கும். இரண்டும் ஒரே சமயத்தில் திறந்திருப்பது அரிது. தெருக்காற்று ரேழியிலேயே தங்கிவிடும். கதவின் நிலையும் நான்கு பக்கச் சட்டத்தோடு இருந்தது. கீழ்ச்சட்டம்தான் நாம் மிதிக்காமல் தாண்டிப் பழகிய நிலைப்படி. மூடிய கதவின் அடிப்பாகம் அந்தப் படியில் வந்து முட்டும்.

அடுக்குமாடி வீடுகளில் நிலை மூன்று பக்கமாகிவிட்டது. படி தடுக்கும், துடைக்க இடைஞ்சல், சக்கர நாற்காலி போகாது என்று காரணங்கள் இருக்கின்றன, அவை நியாயமானவையே. படி போன இடத்தில் ஒரு செண்டிமீட்டருக்கும் சற்று அதிகமான சந்து தங்கிவிட்டது. அது எவ்வளவு பெரியது என்பதைக் கணக்குப் போட்டால்தான் உறைக்கும். மூன்றரை அடி அகலக் கதவு ஏறத்தாழ 107 செண்டிமீட்டர். சந்தின் உயரம் 1.2 செண்டிமீட்டர் என்றால் பரப்பு 128 சதுர செண்டிமீட்டர். தபால் அட்டையின் அளவு 14க்கு 9, அதாவது 126. கதவின் நடுவில் ஒரு தபால் அட்டை அளவுக்குத் துளை போட்டு வைத்திருந்தால் யாரும் ஒரு நாள் பொறுக்க மாட்டோம். அதையே கதவுக்கடியில் நீட்டிப் படுக்க வைத்துவிட்டு ஆண்டுக்கணக்கில் குடியிருக்கிறோம்.

அந்தத் துளை என்ன செய்யும்? மணிக்கு 14 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது மரக்கிளையின் இலைகள் விடாமல் அசையும் அளவில், காற்று நேராக அந்தப் பக்கம் மோதுகிறது என்று கொள்வோம். எதிர்ப்பக்கம் காற்று வெளியேற வழியும் தாராளமாக இருந்தால், மணிக்கு 110 கன மீட்டர் வரை உள்ளே வரலாம். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையின் கொள்ளளவு 34 கன மீட்டர். அப்படியானால் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை அறைக்காற்று முழுவதும் மாறிவிடும். வெளியே 20, உள்ளே 23 டிகிரி என்றால், அந்தக் காற்றைச் சூடாக்கவே தொடர்ந்து 110 வாட் வேண்டும். ஒரு மனித உடம்பு தரும் வெப்பம் அவ்வளவுதான் என்று மேலே பார்த்தோம். அறையில் ஒருவர் உட்கார்ந்து சேர்க்கும் சூட்டை ஒரு கதவுச் சந்து அப்படியே வாங்கி வெளியே கொட்டிவிடுகிறது.

எதிர்ப்பக்கம் வழி இருந்தால் என்ற சொற்கள் முக்கியம். காற்று ஒரு வழியாக நுழைந்து இன்னொரு வழியாகப் போக வேண்டும். ஒரு முனையை அடைத்தாலே பாதிக்கு மேல் வேலை முடிந்துவிடும்.

ஊதுபத்தி காட்டிக்கொடுக்கும்

இடுக்குகளைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வாங்க வேண்டாம். காற்று ஓரளவு வீசும் ஒரு மாலையில் எல்லா ஜன்னல்களையும் கதவுகளையும் மூடி, ஃபேன்களை நிறுத்திவிட வேண்டும். கேஸ் அடுப்பு, கேஸ் கீசர் எதுவும் எரியக் கூடாது. சிலிண்டர் வால்வையும் மூடிவிடுவது நல்லது. சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேனை மட்டும் ஓடவிட வேண்டும். அது வீட்டுக்காற்றை வெளியே தள்ளத் தள்ள, ஈடுசெய்ய வெளிக்காற்று எங்கெல்லாம் சந்து இருக்கிறதோ அங்கெல்லாம் உள்ளே நுழையும். இனி ஓர் ஊதுபத்தியைக் கொளுத்திக்கொண்டு புறப்படலாம். திரைச்சீலை பக்கத்தில் மட்டும் கவனம்.

அறையின் நடுவில் புகை ஒரு சாண் உயரத்துக்கு நூல் பிடித்ததுபோல் எழும்பி, பிறகு சுருளும். வாசற்கதவின் அடியில் கொண்டுபோனால் நூல் படுத்துவிடும்; புகை வீட்டுக்குள் நோக்கித் தரையோடு ஓடும். அலுமினிய நகரும் ஜன்னலில் நடுப்பகுதிதான் பார்க்க வேண்டிய இடம். இரண்டு கண்ணாடிச் சட்டங்களும் ஒன்றையொன்று கடக்கும் செங்குத்தான கோட்டில், மேலிருந்து கீழ் வரை, புகை பிசிறடிக்கும். அந்த இடத்தில் மயிர் போன்ற தூரிகைப் பட்டை ஒன்று இருந்திருக்கும். ஐந்தாறு வருட வெயிலிலும் தூசியிலும் அது தேய்ந்து, சில வீடுகளில் உதிர்ந்தே போயிருக்கும். ஜன்னலின் கீழ்த் தண்டவாளத்தில் மழைநீர் வடிவதற்கென்று வைத்த சிறு துளைகளிலும் புகை துள்ளும். அவை வேண்டிய துளைகள்.

பலரும் எதிர்பாராத இடங்கள் மூன்று: ஏசி குழாய் சுவரைத் துளைத்து வெளியே போகும் இடம், கழற்றிய பழைய ஜன்னல் ஏசிக்குப் பதிலாக ஆணியடித்த ஒட்டுப்பலகை, மரநிலைக்கும் சுவர்ப் பூச்சுக்கும் இடையே ஓடும் தலைமுடி அளவு விரிசல். மூன்றாவது கண்ணுக்குத் தெரியாது, புகைக்குத் தெரியும்.

எதற்கு எது

1. வாசற்கதவின் அடி: கதவின் கீழ்விளிம்பில் திருகாணி வைத்துப் பொருத்தும் ரப்பர் அல்லது தூரிகைப் பட்டை ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கிறது. அதற்கும் முன்னால் இருந்தது பழைய வேட்டியை நீளப் பையாகத் தைத்து, மணலோ நெல் உமியோ நிரப்பிக் கதவடியில் போடும் வழக்கம். பூரானும் கரப்பானும் வராமல் தடுப்பது அதில் உபரி லாபம். இரவில் மட்டும் போட்டு, காலையில் எடுத்துவிடலாம் என்பதால் எனக்கு இதுவே உயர்ந்ததாகத் தோன்றுகிறது. ஆனால் அவசரத்தில் வெளியே ஓடும்போது தடுக்கக்கூடிய முதியவர் வீட்டில் இருந்தால் பட்டையே மேல்.

2. கீல் வைத்துத் திறக்கும் மரஜன்னல்: பின்பக்கம் பசையுள்ள நுரைப் பட்டையைச் சட்டத்தின் உள்விளிம்பில் ஒட்டலாம். ஈரமில்லாத நாளில், துடைத்துக் காயவைத்துவிட்டு ஒட்ட வேண்டும். மழைநாளில் ஒட்டியது பொங்கலுக்குள் உரிந்துவிடும்.

3. நகரும் ஜன்னல்: நுரைப் பட்டை ஒட்டினால் ஜன்னல் நகராது. தேய்ந்த தூரிகைப் பட்டையை உருவிவிட்டு, அதே அகலத்தில் புதியதை நுழைக்க வேண்டும். அலுமினிய வேலை செய்பவருக்கு இது ஒரு மணி நேர வேலை. நீர் வடியும் துளைகளை அடைத்தால் அடுத்த ஐப்பசியில் தண்ணீர் வீட்டுக்குள் வரும்.

4. அசையாத விரிசல்கள், குழாய்த் துளைகள்: சிலிகான் பசை அல்லது புட்டி.

மரக்கதவு விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. ஐப்பசி, கார்த்திகையில் காற்றின் ஈரத்தைக் குடித்து மரம் உப்பும். கதவு நிலையில் பிடிக்கும். தச்சரைக் கூப்பிட்டால் அவர் இழைப்புளியால் இரண்டு இழுப்பு இழுத்துக் கொடுத்துவிடுவார், கதவும் சுகமாக மூடும். பங்குனியில் மரம் காய்ந்து சுருங்கும்போது இழைத்த அளவும் சுருங்கிய அளவும் சேர்ந்து விரல் நுழையும் சந்தாகிவிடும். பிடிக்கும் கதவை மழைக்காலத்தில் இழைக்காமல் இருப்பதே நல்லது. கீல் தளர்ந்திருக்கிறதா என்று முதலில் பார்க்கலாம். அப்படியும் பிடித்தால், தை மாதம் வரை பொறுத்து, அப்போதும் பிடிக்கிற இடத்தை மட்டும் இழைக்கச் சொல்லலாம்.

தொடக் கூடாத துளைகள்

குளிர்நாட்டு அறிவுரை ஊரோடு ஒட்டாமல் போவது இங்கேதான்.

குளியலறை. கேஸ் கீசர் உள்ளேயே மாட்டிய குளியலறையில், வெந்நீர்க் குளியலின்போது வாடை அடிக்கிறதென்று லூவர் கண்ணாடியில் அட்டை வைத்து அடைப்பதைப் பார்க்கலாம். எரிவாயு எரியப் பிராணவாயு வேண்டும். அது குறையும்போது எரிதல் அரைகுறையாகி, கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தில் பிராணவாயுவைச் சுமக்கும் ஹீமோகுளோபினோடு அது பிராணவாயுவைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பிடிப்போடு ஒட்டிக்கொள்ளும். தலைவலி, தலைசுற்றல், குமட்டல், கால் துவளுதல் என்ற வரிசையில் வருவதை உள்ளே இருப்பவர் வெந்நீரின் அயர்ச்சி என்று எடுத்துக்கொள்வார். தாழ்ப்பாளைத் திறக்கக் கை எழாத நிலை அடுத்து வருகிறது. கேஸ் கீசரைக் குளியலறைக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில் மாட்டி, நீரை மட்டும் குழாயில் உள்ளே கொண்டுவருவதே பாதுகாப்பு. அது முடியாத வீட்டில் வாளியில் வெந்நீர் நிரப்பி, கீசரை நிறுத்தி, அறையைக் காற்றாட விட்டபின் குளிக்கலாம்.

கரி அடுப்பு, கணப்பு, பெரிய தூபக்கால் எல்லாவற்றுக்கும் இதே வேதியியல்தான். மலையூர்களில் அறைக்குள் கரியடுப்பு வைத்துத் தூங்கியவர்கள் காலையில் எழாத செய்திகளைப் படித்திருக்கிறோம். கரி கனன்று சிவந்து, புகையே இல்லாமல் இருக்கும் நிலை ஆபத்து நீங்கியதற்கு அடையாளம் ஆகாது. குழந்தை பெற்ற வீட்டில் சாம்பிராணி காட்டுவதென்றால் ஜன்னல் திறந்திருக்கும் அறையில் காட்டி, தூபக்காலை வெளியே வைத்துவிட வேண்டும்.

சமையலறை. சிலிண்டரில் வரும் எல்பிஜி வாயு காற்றைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல் கனமானது. கசிந்தால் தரையில் குளம்போல் தேங்கும். அதனால் சமையலறைக் கதவின் அடிச்சந்தும் தரையை ஒட்டிய காற்றுத் துளையும் அடைக்கக் கூடாதவை. நகரின் சில பகுதிகளுக்குக் குழாய்வழி வரத் தொடங்கியிருக்கும் இயற்கை எரிவாயு இதற்கு நேர்மாறு. அது காற்றைவிட இலேசானது, மேலே கூரையடியில் சேரும். அந்த இணைப்புள்ள வீட்டில் மேல்பக்கத் துளை திறந்திருக்க வேண்டும். சிலிண்டரிலிருந்து குழாய்க்கு மாறியவர்கள் இதைக் கவனிப்பது குறைவு.

படுக்கையறை. தூங்கும் ஒருவர் மணிக்கு ஏறத்தாழ 12 லிட்டர் கரியமில வாயுவை வெளிவிடுகிறார். அதே பத்துக்குப் பன்னிரண்டு அறையில் இரண்டு பேர் தூங்குகிறார்கள், ஓர் இழைக்காற்றும் நுழையவில்லை என்றால், வெளிக்காற்றில் பத்து லட்சத்தில் 420 பங்கு இருக்கும் கரியமில வாயு மூன்று மணி நேரத்தில் 2,500 பங்கைத் தாண்டும். காலையில் தலை கனப்பதற்கும் சன்னமான தலைவலிக்கும் இதுவும் ஒரு காரணம். மணிக்கு 30 கன மீட்டர் வெளிக்காற்று வந்துகொண்டிருந்தால் அது 1,200 சொச்சத்தில் நின்றுவிடும். மேலே கதவுச் சந்துக்குப் போட்ட கணக்கு 110. சென்னைப் படுக்கையறைக்கு வேண்டியது அதில் கால் பங்குக்குச் சற்று அதிகம். தபால் அட்டையைக் கால் அட்டையாகச் சுருக்கினால் போதும், ஒட்டுமொத்தமாகக் கிழித்துப்போட வேண்டாம். வடக்கு ஜன்னலை முழுக்கச் சாத்தி, தெற்குப் பக்க ஜன்னலை இரண்டு விரல் திறந்துவைத்தால் கணக்கு ஏறத்தாழ நேராகிவிடும். படுக்கை மட்டும் அந்த விரிசலின் நேர்க்கோட்டில் இருக்கக் கூடாது.

முழுக்க அடைக்க நியாயமான நாள் ஆண்டில் ஒன்று உண்டு: போகி விடியற்காலை. பனியும் எரிபுகையும் கலந்து நிற்கும் அந்தச் சில மணி நேரம், 2018 போகியன்று விமானங்களே இறங்க முடியாமல் திணறியதுபோல், நுரையீரலும் திணறும். ஆஸ்துமா உள்ளவர் வீட்டில் வெயில் ஏறும்வரை ஜன்னலைத் திறக்க வேண்டாம்.

ஓதம்: குளிரின் மறுபாதி

கனமீட்டர் காற்று 30 டிகிரியில் ஏறத்தாழ 30 கிராம் நீராவியைத் தாங்கும். 20 டிகிரியில் தாங்குவது 17 கிராம். குளிரக் குளிர, தாங்க முடியாத மிச்சம் எந்தப் பரப்பு கிடைக்கிறதோ அதில் நீராகப் படியும். படியத் தொடங்கும் வெப்பநிலைக்குப் பனிப்புள்ளி என்று பெயர். மழைக்கால மாலையில் அறைக்காற்று 26 டிகிரியும் ஈரப்பதம் 80 சதவீதமுமாக இருந்தால் பனிப்புள்ளி 22 டிகிரியைச் சற்றுத் தாண்டி நிற்கும். வடக்குச் சுவரின் உள்முகம் இரவில் அந்த அளவுக்கு எளிதாக இறங்கிவிடும். சுவரை ஒட்டி நிறுத்திய பீரோவின் முதுகில், காற்று புகாத அந்த இருட்டில், கறுப்புப் புள்ளிகள் தோன்றுவது இதனால்தான். பட்டுப்புடவை மடிப்பில் ஏறும் முடை நாற்றமும் அங்கிருந்து வருவதே.

"தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்" என்பார்கள். துளைக்கும் என்பது கவிதை, மற்றது கண்கூடு. மழை மேகங்கள் விலகிய தை, மாசி இரவுகளில் வானம் வெறிச்சோடிக் கிடக்கும். மூடிய மேகம் ஒரு போர்வை. அது இல்லாதபோது கூரை தன் வெப்பத்தை நேராக வானத்துக்குக் கதிர்வீசி, சுற்றியுள்ள காற்றைவிடவும் சில டிகிரி குளிர்ந்துபோகும். கான்கிரீட் தளத்துக்குப் பகல் வெயிலின் கையிருப்பு உண்டு, அதனால் தாக்குப்பிடிக்கும். தகரத்துக்கும் ஆஸ்பெஸ்டாஸுக்கும் கையிருப்பே கிடையாது. மொட்டைமாடியில் தகரக் கூரை போட்ட ஒற்றையறையில் குடியிருப்பவரைக் கேட்டால் சொல்வார்: மழையே இல்லாத மாசி விடியலில் போர்வைமேல் சொட்டு விழும். கூரையின் ஓட்டை வழியாக வந்த நீர் அதில் ஒரு துளியும் இல்லை. அறைக்குள் தூங்கியவர்களின் மூச்சும் மாலைச் சமையலின் ஆவியும்தான் தகரத்தின் அடியில் பனித்துச் சொட்டுகின்றன. அந்த ஓட்டையைத் தேடி மேலே தார் பூசுவதால் பயனில்லை. கூரைக்கு அடியில் ஒரு சாண் இடைவெளி விட்டு மூங்கில் தட்டியோ தெர்மாகோல் பலகையோ வைத்துப் பொய்க்கூரை கட்டினால் சொட்டும் வெகுவாகக் குறையும், தலைக்கு மேல் இருக்கும் குளிர்ந்த பரப்பும் மறையும். தெர்மாகோல் எளிதில் தீப்பற்றும்; அடுப்பு அதே அறையில் என்றால் அது கூடாது.

ஓதத்தைக் குறைக்கப் பகலைப் பயன்படுத்துவதே வழி. ஜனவரி நண்பகலில் வெளியே 28, 29 டிகிரி இருக்கும். காற்றும் ஓரளவு உலர்ந்திருக்கும். பதினோரு மணியிலிருந்து நான்கு மணி வரை எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து வீட்டை உலர்த்திவிட்டு, வெயில் சாய்ந்ததும் வடக்கையும் கிழக்கையும் சாத்த வேண்டும். கொசுவுக்காக ஆறு மணிக்குச் சாத்தும் ஊர்வழக்கம் இதற்கு உதவியாகவே இருக்கிறது. மார்கழியில் சூரியன் தெற்கே சரிந்து நிற்கும். டிசம்பர் 21 நண்பகலில் சென்னையில் அதன் உயரம் 53 டிகிரி சொச்சம்தான். வெயிலை மறைக்கும் சன்ஷேடோ எதிர்வீட்டுச் சுவரோ இல்லாத தெற்கு ஜன்னலில் நான்கடி உயரத் திறப்பு வழியாக அறைக்குள் மூன்றடி தூரம் வெயில் விழும். அந்த மூன்றடியில் பாயும் தலையணையும் காய வைத்தால் இரவுக்கு அதுவே கணப்பு. துவைத்த துணியை மட்டும் அறைக்குள் உலர்த்தக் கூடாது. ஒரு சலவை ஈரம் சுமார் இரண்டு லிட்டர். எல்லாம் சுவருக்குத்தான் போகும்.

தரையில் படுப்பவர்களுக்குப் போர்வையைவிட விரிப்பு முக்கியம். கோரைப்பாய் மட்டும் போதாது. அதன்மேல் மடித்த ஜமுக்காளமும், முடிந்தால் இலவம்பஞ்சு மெத்தையும் வேண்டும். நாரும் பஞ்சும் தம் இடுக்குகளில் அசையாத காற்றைப் பிடித்து வைத்திருக்கின்றன. வெப்பத்தைத் தடுப்பது அந்தக் காற்றே.

ஹீட்டர் வாங்கலாமா?

பெரும்பாலான சென்னை வீடுகளுக்குத் தேவையில்லை. 2,000 வாட் ஹீட்டர் மணிக்கு இரண்டு யூனிட் தின்னும். ஏசி, கீசருக்கான 16 ஆம்பியர் பிளக் வேண்டும், சாதாரண பிளக்கில் நீட்டிப்புக் கம்பி போட்டு ஓட்டினால் கம்பி உருகும். கைக்குழந்தையோ படுக்கையில் இருக்கும் முதியவரோ உள்ள வீட்டில், புயலையொட்டிய நாட்களில், ஒரு மணி நேரம் போட்டு நிறுத்தலாம். மற்றவர்களுக்கு வெந்நீர்ப் பையும் காலுறையும் அதே வேலையைச் செய்யும்.

மார்கழிப் பட்டை, சித்திரைப் பலன்

இரண்டு மாதக் குளிருக்காக இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்ற கேள்விக்கான விடை ஏசியின் நீர்க்குழாய்க்கு அடியில் இருக்கிறது. ஸ்பிலிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை; அறைக்காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிர்விக்கிறது. வெளிக்காற்று வருவது இதே சந்துகள் வழியாகத்தான். மே மாத இரவில் வெளியே 30 டிகிரியும் 75 சதவீத ஈரப்பதமும், உள்ளே 24 டிகிரியும் இருந்தால், நுழையும் ஒவ்வொரு கன மீட்டரும் ஏறத்தாழ 11 கிராம் நீரைக் கூடுதலாகக் கொண்டுவருகிறது. மூச்சுக்குத் தேவையான 30 கன மீட்டர் கணக்கிலேயே எட்டு மணி நேரத்தில் இரண்டரை லிட்டருக்கு மேல் ஆகிவிடும்; அதை வடித்துக் குளிர்விக்க அரை யூனிட்டுக்குச் சற்று அதிகமான மின்சாரம். சந்து முழுதாகத் திறந்திருந்து காற்றும் வீசும் இரவில் இரண்டும் மூன்று மடங்குக்கு மேல் போகும். கதவடிப் பட்டை போடுவதற்கு முந்திய இரவும் பிந்திய இரவும் ஏசி நீர்க்குழாயின் கீழ் ஒரே வாளியை வைத்து, காலையில் நீர்மட்டத்தைப் பென்சிலால் குறித்துப் பார்க்கலாம். இரண்டு இரவும் ஒரே பருவநிலையாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.